செவ்வாய்ப்பேட்டை மாடியில் செவ்வாயின் காற்றழுத்தம்: ஒரு தரவு மீட்புக் கடையின் மதிப்புரை

ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்குப் பூஞ்சணத்தைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மூடுபனி ஜன்னல் வழியாக நுழைந்து அலமாரிக்குள்ளேயே குடியேறிவிடும். தோல் செருப்பு, புத்தக அட்டை, கேமரா லென்ஸ் என எதையும் விட்டுவைக்காது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் திறந்து பார்க்காத ஒரு தகரப் பெட்டியை இந்த ஆண்டு ஆனி மாதத்தில் திறந்தபோது, உள்ளே இருந்த ஃபிளாப்பிகளின் (கணினித் தரவைக் காந்தப் பதிவாக வைத்திருக்கும் பழைய தகடுகள்) மேல் வெள்ளைப் பொட்டுகள் பூத்திருந்தன. பெட்டியில் இருந்தவை ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகள் 14, சி.டி.க்கள் 5, அரை அங்குலக் காந்த நாடாச் சுருள் ஒன்று. அவற்றைச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள ஒரு சிறிய தரவு மீட்புக் கடையில் கொடுத்து வாங்கிய அனுபவத்தை இங்கே பதிவு செய்கிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. இரண்டு பேர் மட்டுமே வேலை செய்யும் இடம் என்பதால் கூட்டம் சேர்த்துவிட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பது இன்னொரு காரணம்.

பெட்டிக்குள் இருந்தது என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். நான் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 1990-களின் தொடக்கத்தில் எம்.ஃபில். ஆய்வுக்காக, செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அளந்த காற்றழுத்தத் தரவை எடுத்துக்கொண்டேன். வைக்கிங் 1 தரையிறங்கியது 1976 ஜூலை 20-இல். வைக்கிங் 2 அதே ஆண்டு செப்டம்பர் 3-இல். தரையில் தொண்ணூறு நாட்கள் உழைத்தால் போதும் என்று திட்டமிடப்பட்ட அவை, ஆண்டுக்கணக்கில் உழைத்தன. முதல் கலம் 1982 நவம்பர் வரை பேசிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் செவ்வாயின் துருவத்தில் கரியமில வாயு உறைந்து தரையில் படிவதால் கோள் முழுவதும் காற்றழுத்தம் குறைவதும், வெயில் வந்ததும் அது ஆவியாகி அழுத்தம் கூடுவதும் அந்த எண்களில் அலை அலையாகத் தெரியும். கோளின் காற்று மண்டலமே மூச்சு இழுத்து விடுவதுபோல் இருக்கும் அந்த வரைபடத்தை நான் அப்போது வரைபடத் தாளில் கையால் வரைந்தேன். தரவு அமெரிக்காவில் இருந்து நாடாவாக வந்தது. அதைப் பெங்களூரில் ஓர் ஆய்வு நிலையத்தில் இருந்த, வாக்ஸ் என்னும் அக்காலத்துப் பெரிய கணினியில் படித்து, எனக்கு வேண்டிய பகுதியை மட்டும் ஃபிளாப்பிகளில் இறக்கிக்கொண்டு வந்தேன்.

இந்தத் தரவின் மூலப்பிரதி இன்று நாசாவின் கோள் தரவு அமைப்பில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கிறது. பின் ஏன் பூஞ்சணம் பிடித்த ஃபிளாப்பிக்குச் செலவு செய்தீர்கள் என்று என் மகளும் கேட்டாள். அங்கே இருப்பது கலம் அனுப்பிய அளவீடு. என்னிடம் இருந்தது அந்த அளவீடுகளிலிருந்து நான் தேர்ந்தெடுத்தவை, சராசரி எடுத்தவை, சந்தேகப்பட்டு ஒதுக்கியவை. என் ஆய்வேட்டின் முடிவைச் சரிபார்க்க விரும்பும் ஒருவருக்கு மூல அளவீடு மட்டும் போதாது, நான் எதை ஏன் விலக்கினேன் என்பதும் தெரிய வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், கீழே நான் கடையைப் புகழ்வதும் குறை சொல்வதும் எந்த இடத்தில் என்பது விளங்கும்.

கடை, வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில், மாடியில் இருக்கிறது. படியேறும்போது கீழிருந்து மெருகு போடும் இயந்திரத்தின் ஓசை கூடவே வருகிறது. பட்டறையில் கூட்டிய தூசியைக்கூடக் கொட்டிவிடாமல் சேர்த்துவைத்து வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்களின் தெருவில் இப்படி ஒரு கடை அமைந்தது பொருத்தமாகத்தான் எனக்குத் தோன்றியது. உரிமையாளருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வீடியோ கேசட் காலத்தில் டெக் பழுது பார்த்துத் தொழில் கற்றவர் என்பதால், பதிவைப் படிக்கும் முனையான காந்தத் தலைப்பில் அழுக்கு ஏறினால் என்ன ஆகும் என்பது அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரிகிறது. அந்தப் பழக்கத்தின் அருமை எனக்கு விளங்குவதற்குக் காரணம், நான் முதலில் வேறொரு கடைக்குப் போனதுதான். அங்கே இருந்த இளைஞர் பூஞ்சணத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு ஃபிளாப்பியை நேரே டிரைவில் செருகினார். ஒரு நிமிடம் கரகரவென்று சத்தம் வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தபோது தட்டின் மேல் நகக்கீறல்போல ஒரு வட்டம் விழுந்திருந்தது. அதையும் மீதி பதின்மூன்றையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இறங்கி வந்துவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரர் முதல் நாள் எதையும் எதிலும் செருகவில்லை. ஒவ்வொரு ஃபிளாப்பியையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, நடுத்துளையில் விரலை வைத்து மெதுவாகச் சுழற்றி, திறந்திருக்கும் நீள்துளை வழியாகத் தெரியும் பரப்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தார். “அவசரப்பட்டீங்கன்னா அத்தோட போயிடுங்க சார். இருக்கறது இருக்கட்டும், முதல்ல குளிப்பாட்டுவோம்” என்றார். குளிப்பாட்டுவது என்று அவர் சொன்னதை நான் அருகில் இருந்து பார்த்தேன். கறுப்பு உறையின் ஓர் ஓரத்தை மெல்லிய கத்தியால் பிரித்து, உள்ளே இருக்கும் வட்டமான பிளாஸ்டிக் தகட்டை விளிம்பை மட்டும் பிடித்து வெளியே எடுக்கிறார். அது அப்பளம்போல மெலிதாக, பழுப்பு நிறத்தில் இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி ஒற்றி ஒற்றி எடுக்கிறார்; வட்டமாகத் தேய்ப்பதில்லை. தரவு எழுதப்பட்ட தடங்கள் வட்டமாக ஓடுவதால், வட்டமாகத் தேய்த்து ஒரு கீறல் விழுந்தால் அது ஒரு தடத்தையே நீளமாகத் தின்றுவிடும். குறுக்கே விழுந்த கீறல் பல தடங்களில் ஒவ்வொரு சிறு துணுக்கை மட்டும்தான் கெடுக்கும் என்று காரணமும் சொன்னார். காய்ந்த தகட்டை, அதற்கென்று வைத்திருக்கும் சுத்தமான பழைய உறைக்குள் மாற்றிப் போடுகிறார். என் ஃபிளாப்பிகளின் சொந்த உறைகள் அங்கேதான் பிரிந்தன. அதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

படிக்கும் முறையிலும் அவர் சாதாரணக் கணினிக் கடைக்காரர் அல்லர். வழக்கமான டிரைவுக்கும் கணினிக்கும் நடுவே கிரீஸ்வீசல் என்னும் சிறிய மின்சுற்றுப் பலகையை வைத்திருக்கிறார். கோப்பு எது என்று அது தேடுவதில்லை. தகடு நிமிடத்துக்கு 300 சுற்று வேகத்தில் சுழலும்போது காந்தப் புலம் திசை மாறும் ஒவ்வொரு நொடித்துகளையும் அப்படியே பதிவு செய்துகொள்கிறது. ஒரு தடத்தைப் பத்து முறை சுற்றவிட்டுப் பதிந்துகொண்டால், ஒரு சுற்றில் மங்கலாக இருந்த இடம் மற்றொரு சுற்றில் தெளிவாகக் கிடைக்கிறது. பிறகு அந்தப் பதிவிலிருந்து எண்களைப் பிரித்தெடுக்கும் வேலையை அவசரமில்லாமல் கணினியில் செய்துகொள்ளலாம், தகட்டைத் திரும்பத் தொட வேண்டியதில்லை. என்னுடையவை 360 கிலோபைட் ஃபிளாப்பிகள். ஒரு பக்கத்துக்கு 40 தடம், தடத்துக்கு 9 பிரிவு, இரண்டு பக்கம் சேர்த்து 720 பிரிவுகள். பதினான்கு ஃபிளாப்பிகளின் 10,080 பிரிவுகளில் 9,323 பிரிவுகள் பிழையில்லாமல் திரும்பி வந்தன. பன்னிரண்டு ஃபிளாப்பிகள் முழுமையாக வந்தன. ஒன்றில் 37 பிரிவுகள் போயின. முதல் கடையில் கீறல் விழுந்த அந்த ஒன்று எழவே இல்லை.

காந்தப் பதிவை அப்படியே எடுத்து வைத்துக்கொள்வதன் மதிப்பை விண்வெளி வரலாற்றிலேயே பார்க்கலாம். 1966, 1967-ஆம் ஆண்டுகளில் நிலவைச் சுற்றிப் படம் எடுத்த லூனார் ஆர்பிட்டர் கலங்கள் ஐந்தின் படங்களை நாம் நெடுங்காலம் கோடு கோடாக, மங்கலான அச்சுப் பிரதிகளாகத்தான் பார்த்துவந்தோம். ஆனால் கலம் அனுப்பிய மூலச் சமிக்ஞை சுமார் 1,500 நாடாக்களில் பதிந்திருந்தது. அவற்றை அழித்துவிட மனமில்லாமல் காத்தவர் நான்சி எவன்ஸ் என்னும் ஆவணக் காப்பாளர். அந்த நாடாக்களைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்.ஆர். 900 இயந்திரங்களை, ஒவ்வொன்றும் பெரிய குளிர்பதனப் பெட்டி அளவுக்கு இருந்தவற்றை, தம் வீட்டு வண்டிக் கொட்டகையில் பல ஆண்டுகள் வைத்திருந்தார். டென்னிஸ் விங்கோவும் கீத் கவிங்கும் அவற்றை வாங்கி, நாசாவின் ஏம்ஸ் மைய வளாகத்தில் மூடப்பட்டுக் கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் உணவகக் கட்டடத்தில் வைத்துப் பழுது பார்த்து ஓடவிட்டார்கள். 1966 ஆகஸ்ட் 23-இல் எடுக்கப்பட்ட, நிலவின் விளிம்புக்கு மேலே பூமி தெரியும் படம் 2008 நவம்பரில் அதுவரை யாரும் பார்த்திராத தெளிவோடு வெளிவந்தது. 42 ஆண்டுகளுக்கு முன் அச்சிட்ட பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு நாடாவைத் தூக்கிப் போட்டிருந்தால் அந்தத் தெளிவு எங்கிருந்து வந்திருக்கும்?

இங்கேதான் கடையின் மேல் என் முதல் குறை. அவ்வளவு அக்கறையோடு எடுத்த காந்தப் பதிவுகளை வாடிக்கையாளருக்குத் தருவது அவருடைய வழக்கத்தில் இல்லை. பிரித்தெடுத்த கோப்புகளைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, மூலப் பதிவை ஒரு மாதத்தில் அழித்துவிடுகிறார். கேட்ட பிறகு தயங்காமல் கொடுத்தார். ஆனால் கேட்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 37 பிரிவுகள் போன அந்த ஃபிளாப்பியை நாளை இன்னும் நல்ல நிரல் ஒன்று படித்துவிடக்கூடும். அதற்கு அந்த மூலப் பதிவு இருந்தாக வேண்டும்.

சி.டி.க்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொழிற்சாலையில் அச்சிட்ட இரண்டு சி.டி.க்கள் துடைத்ததும் படித்தன. நான் பின்னாளில் கணினியில் எழுதிய மூன்றில் இரண்டு டிடிரெஸ்க்யூ நிரலின் தயவால் வந்தன. நல்ல இடங்களை முதலில் வாரி எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வந்து பொறுமையாக முயலும் நிரல் அது. மூன்றாவதில் மேல்பூச்சே செதில் செதிலாக உரிந்திருந்ததால் அதை அவர் தொடவே இல்லை.

நாடாச் சுருளை அவர் கையாண்ட விதம்தான் இந்தக் கடையின் மேல் எனக்கு நம்பிக்கை வரவழைத்தது. அது ஒன்பது தட நாடா, 2,400 அடி, அங்குலத்துக்கு 1,600 எழுத்து அடர்த்தி. அதைப் படிக்க இரும்பு பீரோ அளவுக்கு ஓர் இயந்திரம் வேண்டும். அவரிடம் அது இல்லை. இல்லை என்று ஒரே சொல்லில் சொன்னதோடு, பிரித்துப் பார்க்கக்கூட மறுத்துவிட்டார். பழைய நாடா சிலவற்றில் காந்தத் துகளை ஒட்டவைத்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படிப்பட்ட நாடாவை ஓடவிட்டால் துகள் அடுக்கே உரிந்து தலைப்பில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு நாடாவைச் சுமார் 50 முதல் 55 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வாட்டி எடுத்து, பிசுபிசுப்பு தற்காலிகமாக அடங்கியதும் உடனே பிரதி எடுத்துவிடும் வழக்கம் உண்டு. “சேலத்துச் சித்திரை வெயில்ல மொட்டை மாடியில வெச்சாலே வெந்துடுங்க சார்” என்று அவர் சிரித்தார். வெயில் ஏறியும் இறங்கியும் அடிப்பது. நாடாவுக்கு வேண்டியது ஒரே சீரான சூடு. மேலும், எல்லா வகை நாடாவையும் வாட்டக் கூடாது. அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார் என்றாலும், இதைப் படித்துவிட்டு யாரும் மாடிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன்.

இயந்திரம் கிடைக்கும்வரை நாடாவைச் சும்மா விட்டுவைப்பதும் ஒரு பாதுகாப்புதான். அப்பல்லோ 11, 12, 14, 15 பயணங்களில் நிலவுக்குப் போன தூசி அளவிக் கருவியை வடிவமைத்தவர் பிரையன் ஓபிரையன் என்னும் ஆஸ்திரேலிய இயற்பியலாளர். அதன் தரவு நாடாக்கள் நாசாவிடம் தொலைந்துபோயின என்று 2006-இல் அவருக்குத் தெரிந்தபோது, அவருடைய சொந்தப் பிரதிகள் 170-க்கு மேற்பட்டவை பெர்த் நகரில் இருந்தன. அவற்றைப் படிக்கக்கூடிய ஐ.பி.எம். 729 இயந்திரம் ஒன்று ஆஸ்திரேலியக் கணினி அருங்காட்சியகச் சங்கத்திடம்தான் கிடைத்தது. அதுவும் ஓடும் நிலையில் இல்லாமல், பழுது பார்க்க வேண்டியதாக இருந்தது. நாடாவும் இயந்திரமும் ஒரே காலத்தில் உயிரோடு இருந்தால்தான் தரவு உயிரோடு இருக்கும். ஒன்றை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு மற்றொன்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது உலகம் முழுவதும் நடந்திருக்கிறது.

இனி, என்னை மிகவும் யோசிக்கவைத்த பகுதிக்கு வருகிறேன். மூன்றாவது முறை போனபோது அவர் முகம் வாடியிருந்தது. “ஃபைல் எல்லாம் வந்துடுச்சுங்க சார், ஆனா உள்ள கரப்ட் ஆயிருக்கு. நம்பரெல்லாம் அர்த்தமே இல்லாம வருதுங்க” என்றார். திரையில் பார்த்தேன். உரைக் கோப்புகள் ஒழுங்காகத் திறந்தன. இரும எண்களாக எழுதிய கோப்புகளில் மட்டும், ஓர் எண் பூஜ்யத்தை ஒட்டிய துகளாகவும் அடுத்த எண் அண்டத்தையே தாண்டும் பெரும் எண்ணாகவும் மாறி மாறி நின்றன. ஒவ்வொரு பிரிவோடும் சேர்த்து எழுதப்படும், பிழையைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண் சரியாக இருக்கும்போது உள்ளடக்கம் மட்டும் கெட்டிருக்க வாய்ப்பில்லை என்று எனக்குத் தோன்றியது. இரவு வீட்டுக்கு வந்து அந்தக் காலத்துக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். உள்ளட்டையில் பென்சிலால் நானே எழுதியிருந்தேன்: “வாக்ஸ். இரண்டிரண்டு பைட்டாக இடம் மாற்று. பின் 4-ஆல் வகு.”

வாக்ஸ் கணினி தசம எண்ணை நான்கு பைட்டில் எழுதும் முறை இன்றைய கணினிகளின் முறை அல்ல. முதல் இரண்டு பைட்டும் அடுத்த இரண்டு பைட்டும் இடம் மாறி இருக்கும். அடுக்கைக் குறிக்கும் பகுதியின் கணக்கும் வேறு. இடத்தை மட்டும் மாற்றிப் படித்தால் எண் சரியாக நான்கு மடங்காக வரும். மறுநாள் கடையில் அவருடைய உதவியாளர் பத்து வரியில் ஒரு நிரல் எழுதினார். பைட்டுகளை இடம் மாற்றியதும் திரையில் 30.0, 30.1, 29.9 என்று ஒழுங்கான வரிசை வந்தது; எல்லாரும் மகிழ்ந்தார்கள். செவ்வாயில் 30 மில்லிபார் அழுத்தம் கிடையாது. வைக்கிங் 1 நின்ற இடத்தில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 முதல் 9 மில்லிபாருக்குள்தான் அது ஏறி இறங்கும். நான்கால் வகுத்ததும் 7.5 வந்து உட்கார்ந்தது. பார்வைக்கு ஒழுங்காகத் தெரிந்த அந்த 30-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு யாராவது போயிருந்தால், குப்பையாகத் தெரிந்த எண்ணைவிட அது பெரிய ஆபத்தாக முடிந்திருக்கும்.

எழுதிய வடிவம் தெரியாமல் தரவு படிக்க முடியாமல் போவது வைக்கிங் கலங்களின் தரவுக்கே நேர்ந்திருக்கிறது. அவை செவ்வாய் மண்ணில் உயிர் தேடிச் செய்த சோதனைகளின் தரவை மறுபடி ஆராய விரும்பி, 1990-களின் இறுதியில் ஜோசப் மில்லர் என்னும் ஆய்வாளர் நாசாவை அணுகினார். நாடாக்கள் இருந்தன. ஆனால் அவை எழுதப்பட்ட வடிவம் மிகவும் பழையது. அதை அறிந்த நிரலாளர்கள் உயிரோடு இல்லை. கடைசியில் அந்தச் சோதனையை நடத்திய குழுவினர் தாளில் அச்சிட்டு வைத்திருந்த பிரதிகளிலிருந்துதான் ஒரு பகுதியை மீட்க முடிந்தது. அவர்களுக்குத் தாள் கைகொடுத்தது, எனக்கு ஒரு பென்சில் வரி.

ஆனால் அந்தப் பென்சில் வரிக்கு உறவான பல வரிகளை நான் இந்தக் கடையில் இழந்துவிட்டேன். ஃபிளாப்பிகள் ஒவ்வொன்றும் ஒரு தாள் உறைக்குள் இருந்தன. உறைகளின் மேல், எந்தக் கலம், எந்தச் சோல் முதல் எந்தச் சோல் வரை, எந்த நாட்களை ஒதுக்கினேன், ஏன் ஒதுக்கினேன் என்று சிறு எழுத்தில் எழுதியிருந்தேன். சோல் என்பது செவ்வாயின் ஒரு நாள். 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. உறைகளில்தான் பூஞ்சணம் அதிகம். அது மற்றவற்றுக்குப் பரவிவிடும் என்று அவர் எல்லாத் தாள் உறைகளையும் குப்பையில் போட்டுவிட்டார். ஃபிளாப்பியின் மேலே ஒட்டியிருந்த சீட்டுகளும் பழைய கறுப்பு உறைகளோடு போய்விட்டன. கொடுத்த பென்டிரைவில் 1, 2, 3 என்று அவர் போட்ட எண்களில் பதின்மூன்று அடைவுகள் (ஃபோல்டர்கள்) இருந்தன. எந்த எண் எந்த ஃபிளாப்பி என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. நான் கேட்டபோது அவர் உண்மையாகவே வியப்படைந்தார். “அட்டை தானேங்க சார், டேட்டா பத்திரமா இருக்குல்ல?” என்றார். அவருடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கல்யாண ஆல்பமும் கணக்கு வழக்கும் கேட்டு வருபவர்கள். கல்யாணப் படத்துக்கு மேலுறையில் விளக்கம் வேண்டியதில்லை. அவர் மேல் கோபம் வரவில்லை. முதல் நாளே சொல்லாமல் விட்ட என் மேல்தான் வந்தது.

போனவற்றில் கொஞ்சத்தை மீட்டேன். ஒரு கோப்பில் எந்தக் கலத்தின் தரவு என்ற குறிப்பே இல்லை. அதில் உச்ச அழுத்தம் 10 மில்லிபாரைத் தொட்டிருந்ததைப் பார்த்து, அது வைக்கிங் 2 என்று முடிவு செய்தேன். அந்தக் கலம் முதல் கலத்தைவிடத் தாழ்ந்த நிலத்தில் நின்றதால் அங்கே அழுத்தம் எப்போதும் கூடுதல். நாசாவின் தரவுக் கிடங்கிலிருந்து மூல அளவீடுகளை இறக்கி ஒப்பிட்டு, சோல் எண்களையும் பொருத்திவிட்டேன். ஒதுக்கிய நாட்கள் எவை என்பது ஒப்பிட்டதில் தெரிந்தது. ஏன் ஒதுக்கினேன் என்பது தெரியவில்லை. கருவியில் சந்தேகமா, புழுதிப்புயலா, வெறும் தட்டச்சுப் பிழையா? முப்பது ஆண்டுக்கு முந்தைய என் மனத்துக்குள் போய்ப் பார்க்க எந்தக் கருவியும் கிடையாது.

அப்பல்லோ வெப்ப ஓட்டச் சோதனையில் நடந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்கிறேன். அப்பல்லோ 15, 17 பயணங்களில் நிலவின் தரையில் புதைத்த வெப்பமானிகள் 1977 செப்டம்பர் வரை அளந்தன. காப்பகத்தில் சேர்ந்ததோ 1974 முடியத்தான். செய்ச்சி நகிஹாராவும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் தேடி, 1975 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான 440 நாடாக்களைக் கண்டெடுத்தார்கள். மீதி இடைவெளியை ஓரளவு நிரப்பியவை, அந்தக் காலத்தில் கருவிகளைக் கண்காணித்தவர்கள் வாராவாரம் எழுதிவைத்த தாள் பதிவுகள். அவற்றையெல்லாம் சேர்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில்தான், நிலவின் மேல்மண் சற்றே சூடேறியதற்கு விண்வெளி வீரர்கள் நடந்து மண்ணைக் கிளறியதால் அது கருமையாகி வெயிலைக் கூடுதலாக உறிஞ்சியதே காரணம் என்று விளக்கினார்கள். அந்த வாராந்தரத் தாள்களும் என் ஃபிளாப்பி உறைகளும் ஒரே இனம். அந்தத் தாள்களை யாரும் பூஞ்சணம் என்று கூட்டித் தள்ளாமல் இருந்ததால் அவை பிழைத்தன.

இன்று நம் நாட்டிலேயே இந்தப் பாடம் படித்தாகிவிட்டது. பெங்களூருக்கு அருகே பியாலலுவில் இஸ்ரோவின் இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையம் சந்திரயான் பயணங்களின் தரவைச் சேமிக்கும்போது, எண் வரிசையோடு அதன் விளக்கத்தையும் ஒரே கட்டாகச் சேர்க்கிறது; எந்த அலகு, எந்தக் கருவி, பைட் எந்த வரிசையில் என்பதெல்லாம் உடன் எழுதப்பட்டிருக்கும். தரவு இப்படி விளக்கத்தோடு காக்கப்படுவதால்தான், 2009 ஆகஸ்டிலேயே தொடர்பு அறுந்த சந்திரயான் 1-இன் தரவை வைத்து, 2018-இல்கூட நிலவின் துருவங்களில் மேற்பரப்புப் பனி இருப்பதைக் காட்ட முடிந்தது.

கணக்குக்கு வருவோம். சுத்தம் செய்ய ஃபிளாப்பிக்கு 100 ரூபாய். தரவு வந்தால் மட்டும் இன்னும் 400 ரூபாய். சி.டி. ஒன்றுக்கு 300, அதுவும் வந்தால் மட்டும். பென்டிரைவ் 450 சேர்த்து நான் கொடுத்தது 8,250 ரூபாய். செய்த வேலைக்கு இது அதிகமில்லை. வராததற்கு வாங்காமல் விட்டதே பெரிது. ஆடிப்பெருக்குக்குள் தருவதாகச் சொன்னவர் ஆவணி பிறந்த பிறகுதான் கொடுத்தார். தொலைபேசியில் கேட்டால் “நாளைக்கு ஆயிடுங்க” என்ற ஒரே பதில். அந்த நாளைக்காக ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளை இரண்டு முறை வீணாக இறங்கி ஏறினேன். கொடுத்த பென்டிரைவ் பெயர் தெரியாத மலிவுச் சரக்கு. அதில் இருக்கும் கோப்புகள் நாளை மாறாமல் இருக்கின்றனவா என்று பார்க்கச் சரிபார்ப்பு எண் எதுவும் போடவில்லை. எதற்கு என்று நான் விளக்கியதும் அவருடைய உதவியாளர் அரை மணி நேரத்தில் எல்லாக் கோப்புகளுக்கும் போட்டுக் கொடுத்துவிட்டார். சொன்னால் கேட்டுக்கொள்ளும் குணம் அந்தக் கடையில் இருக்கிறது, கேட்காமலே செய்யும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

கைவேலைக்கு இந்தக் கடையைத் தயங்காமல் சொல்வேன். பழைய ஃபிளாப்பியில் ஆய்வுத் தரவோ, கல்லூரிக் காலத்து அளவீடுகளோ வைத்திருக்கும் சேலத்து ஆசிரியர்கள் தாராளமாகப் போகலாம். போகும் முன் ஒவ்வொரு உறையையும் இரண்டு பக்கமும் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாப்பிகளில் பென்சிலால் எண் போட்டு, அதே எண்ணை அடைவுக்கும் போடச் சொல்லுங்கள். உறைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மூலக் காந்தப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். அவசர வேலைக்கு இந்த இடம் சரிவராது.

போன வாரம் மறுபடி போயிருந்தேன். மேசையின் மேல் ஒரு பழைய இனிப்புப் பெட்டி புதிதாக இருந்தது; மூடியில் “கஸ்டமர் அட்டை, தூக்கிப் போடாதே” என்று மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள். நாடாச் சுருளை ஏற்காட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகவில்லை. அஸ்தம்பட்டியில் மகள் வீட்டில், சிலிக்கா பைகளோடு ஓர் எவர்சில்வர் தூக்குக்குள் வைத்து, அது என்ன, எந்த இயந்திரத்தில் எந்த அடர்த்தியில் எழுதியது, எதனால் வகுக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி உள்ளே ஒன்றும் மூடியின் மேல் ஒன்றுமாக வைத்திருக்கிறேன். ஒன்பது தட நாடாவைப் படிக்கும் இயந்திரம் யாரிடமாவது ஓடும் நிலையில் இருந்தால் தெரிவியுங்கள்.